நூற்றெண்பத்தேழாவது படி

ரயிலை விட்டுவிட்டோம் என்று போன் வந்தபோது காலை மணி ஏழேகால். மருமகள் ஒரு காதில் கம்மல் மாட்டி முடித்திருந்தாள், இன்னொரு காதில் போன் இருந்தது. அந்தப் பக்கம் பேசிய வெளியூர்க்காரர் நாலு தடவை மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னிப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

அது ராஜாக்கள் இருந்த தலைநகரம். ராஜாக்கள் போய்விட்டார்கள், அவர்கள் இருந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டிப் பிழைப்பதற்கு இப்போது உரிமம் வேண்டும். உரிமம் வாங்கப் பரீட்சை உண்டு. எழுத்துப் பரீட்சையில் அவள் தேறிவிட்டாள். மிச்சம் நடைப் பரீட்சை. இந்த நகரத்தை முன்பு கண்டிராத ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு எட்டு இடம் சுற்றிக் காட்ட வேண்டும். பின்னாலேயே ஒரு பரீட்சைக்காரர் அட்டையும் பேனாவுமாக வருவார். மூன்று முறைதான் வாய்ப்பு. முதல் முறை அவளுக்கு வாயே திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்த வாய் மூடவில்லை; தெரியாத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லப் போய், இல்லாத ஒரு ராணியை உண்டாக்கி அரண்மனையில் குடிவைத்துவிட்டாள். இன்றைக்கு மூன்றாவது. இதுவும் போனால் ஆயுசுக்கும் ஹோட்டல் சலவைக்கூடம்தான். ஈரப் படுக்கை விரிப்புகளை ஆவி உருளைக்குள் கொடுத்து அந்தப் பக்கம் இழுக்கிற வேலை. கை இரண்டும் முழங்கை வரை வெந்து தழும்பாகியிருந்தது. இந்த நகரத்தின் சரித்திரம் முழுவதையும் அவள் அந்த உருளை பக்கத்தில் புத்தகத்தைத் துணிக்கிளிப்பால் மாட்டி வைத்துப் படித்தவள்.

"ரெண்டு பேர்தானே வேணும்?" என்றாள் மாமியார், அடுப்படியிலிருந்து. "நாங்க ரெண்டு பேரும் என்ன கணக்குல சேர்த்தி?"

"அத்தை, ஊரையே பாத்திராதவங்களா இருக்கணும்."

"நான் என்னத்தைப் பாத்தேன்? முப்பத்தெட்டு வருஷமா கட்டட வேலை. செங்கல்லைப் பாத்தேன், மணலைப் பாத்தேன், மேஸ்திரி மூஞ்சியைப் பாத்தேன். உங்க மாமா மூட்டையைத் தவிர எதையாவது பாத்திருக்காரா, கேளு."

மாமனார் சட்டை பொத்தானைப் போட்டபடி வந்தார். மொத்த மார்க்கெட்டில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவர். அங்கே அவருக்குப் பெயர் கிரேன். வீட்டுப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

"பொய் சொல்லணுமா?" என்றார் கிரேன்.

"சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும்."

"அது அதைவிடக் கஷ்டமாச்சே" என்றாள் மாமியார்.

லாரியோடு வெளியூர் போயிருந்த மகனின் ஷூவைக் கிரேன் மாட்டினார். ஒரு அளவு சின்னது. மாமியார் பக்கத்து வீட்டில் ஒரு கறுப்புக் கண்ணாடியும் அகலமான தொப்பியும் கேட்டு வாங்கி வந்தாள். நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு, "எந்த ஊர்லேருந்தோ வந்தவ மாதிரிதான் இருக்கேன்" என்று தனக்கே சான்றிதழ் கொடுத்துக்கொண்டாள். பிறகு குளிக்கப் போகுமுன் ஊறவைத்த சிவப்புப் போர்வையை அவசரமாக அலசி மாடியில் காயப் போட்டுவிட்டு இறங்கினாள். தலை போகிற காரியமானாலும் ஊறின துணியை விட்டுவிட்டு வர அவளால் முடியாது.

அரண்மனை வாசலில் பரீட்சைக்காரர் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்பே நின்றிருந்தார். ஒல்லி. உயரம். கயிறு கட்டிய பேனா கழுத்தில் தொங்கியது. மருமகளின் கையிலிருந்த தழும்பைப் பார்த்தார், அப்புறம் மாமியாரின் தொப்பியைப் பார்த்தார்.

"எந்த ஊர்?"

"கடற்கரைப் பக்கம்" என்றாள் மாமியார். அவ்வளவுதான் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

"கடற்கரையில எந்தப் பக்கம்?"

மாமியார் யோசித்தாள். "தண்ணி இருக்கிற பக்கம்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். "நான் இருக்கிறதாவே நினைச்சுக்காதீங்க. நான் இல்லை. நீங்க பாட்டுக்குச் சுத்திப் பாருங்க" என்றார்.

மருமகள் மூச்சை இழுத்து ஆரம்பித்தாள். முதல் வாக்கியத்திலேயே கால் இடறியது. "இந்த முகப்பை, மாமா..." என்று கிரேனைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். "மாமன்னர்" என்று முடித்தாள், "மாமன்னர் கட்டினார்." கிரேன் தன்னை யாரோ ராஜா ஆக்கிவிட்ட மாதிரி நிமிர்ந்து நின்றார்.

அதற்கப்புறம் நன்றாகவே போயிற்று. போகப் போக அவளுக்கே ஆச்சரியம். தர்பார் மண்டபத்தில் நின்று அவள் வருஷங்களைச் சொல்லிக்கொண்டிருக்க, மாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூரையைப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்த உத்தரத்தை எப்படி மேல ஏத்தினாங்க?"

புத்தகத்தில் அது இல்லை. "அது தெரியலைங்க மேடம்" என்றாள் மருமகள். இந்த முறை எந்த ராணியையும் உண்டாக்கவில்லை.

"சாரம் எங்க ஊன்றியிருப்பாங்க? இந்தத் தரையில ஊன்றின தடமே இல்லையே? அப்ப தரையைப் பிற்பாடு போட்டிருக்காங்க. எத்தனை பொம்பளை மண் சுமந்தாங்களோ. கூலி ஒழுங்கா குடுத்தானா உங்க மாமன்னரு?"

பரீட்சைக்காரரின் பேனா நின்றது. அவரும் தரையைப் பார்த்தார்.

மாமியாருக்கு அப்போது பிடித்தது கிறுக்கு. பிறகு எதையும் விடவில்லை. ராணியின் குளியலறையில் இறங்கித் தண்ணீர் வாட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். பழைய சிறைச்சாலையில் பூச்சைத் தட்டிப் பார்த்து, "மட்டமான கலவை, கைதிக்குத்தானேன்னு அடிச்சிருக்கான்" என்றாள். சிம்மாசனத்துக்கு முன் நின்று, "உக்காந்து உக்காந்து முதுகு போயிருக்கும், பாவம்" என்றாள். பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து உரித்து எல்லோருக்கும் சுளை கொடுத்தாள். பரீட்சைக்காரர் கை நீட்டியபோது, "நீங்கதான் இல்லையே?" என்றாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் பாவப்பட்டு இரண்டு சுளை கொடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்றார்.

ஐந்தாவது இடத்தில்தான் ஆபத்து. பழைய நாணயச்சாலை. அதற்குப் போகிற வழி மொத்த மார்க்கெட்டின் நடுவே போகிறது, பரீட்சைத் தாளில் அப்படித்தான் கோடு போட்டிருக்கிறது. "மாமா, யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது" என்று காதில் ஓதினாள்.

முதல் கடை தாண்டவில்லை. "கிரேன் அண்ணே! என்ன, ஷூ எல்லாம்? பொண்ணு பாக்கவா?"

கிரேன் நேரே பார்த்து நடந்தார். நாற்பது வருஷம் நடந்த தெருவில், முதன்முதலாக வந்தவன் எப்படி நடப்பான் என்று அவருக்குத் தெரியவில்லை. கழுத்தை விறைத்து, கண்ணை அகல விரித்து, எலுமிச்சை மூட்டையைக்கூட உலக அதிசயம் போலப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"அண்ணே! காது போச்சா?"

"இவர் ஜாடையில இங்க யாரோ இருக்காங்க போல" என்றாள் மாமியார், பரீட்சைக்காரருக்குக் கேட்கிற மாதிரி. "எங்க கடற்கரையிலயும் இப்படித்தான் கூப்பிடுவாங்க. பொதுவான மூஞ்சி."

அதோடு போயிருக்கும். எதிரே சரிவில் ஒரு தள்ளுவண்டி, பதினாலு வெங்காய மூட்டை, பிடித்திருந்தவனின் கால் வழுக்கியது. கிரேனின் உடம்பு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பாய்ந்து தோளைக் கொடுத்துவிட்டார். "இடுப்பை இறக்குடா தடியா! முட்டியில நில்லு! சக்கரத்துக்குக் கல்லு வை!" வண்டி நின்றது. தெரு முழுக்கக் கைதட்டியது. "இது கிரேன் இல்லைன்னா நான் மீசையை எடுத்துடறேன்" என்றான் ஒருவன்.

கிரேன் சட்டையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார். பரீட்சைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல பலம் உங்களுக்கு. கடல்ல என்ன வேலை?"

"வலை" என்றார் கிரேன். "கனமான வலை."

பேனா நீளமாக எதையோ எழுதியது. மருமகளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நாணயச்சாலையையும் நீதிமன்றத்தையும் எப்படிச் சொல்லி முடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஏழாவது இடம் மணிக்கூண்டு. பதினோரு மணி இருபது நிமிஷம். பரீட்சைக்காரர் வழக்கம்போல டிக்கெட் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனார்.

"நீங்க வரலையா?" என்றாள் மாமியார்.

"நான் இங்கேயே இருக்கேன். நீங்க ஏறிட்டு வாங்க."

"மேல இவ என்ன சொல்றான்னு கேக்காம எப்படி மார்க் போடுவீங்க? பாதி மார்க்கைக் கீழயே உக்காந்து முழுங்கிடலாம்னு பாக்குறீங்களா?"

டிக்கெட் கொடுப்பவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "சார் ஏறமாட்டாரும்மா. பதினோரு வருஷமா இந்த நாற்காலிதான். நான்கூட அவருக்குன்னு குஷன் வாங்கிப் போட்டேன்."

பரீட்சைக்காரரின் காது சிவந்தது. எழுந்தார். பேனாவைச் சட்டைக்குள் போட்டார். ஏறினார்.

சுழல் படி. ஏணி மாதிரி செங்குத்து. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். "மொத்தம் நூற்றெண்பத்தாறு படிகள்" என்று மருமகள் முன்னால் போனபடி சொன்னாள்.

"எண்பத்தேழு" என்றது பின்னாலிருந்து கிரேனின் குரல்.

"புத்தகத்துல எண்பத்தாறுதான் சார்."

"புத்தகம் சுமை தூக்கிட்டா ஏறிச்சு?"

மாமியார் அவர் இடுப்பில் ஒரு குத்து விட்டாள். குத்தியது படிக்கட்டு முழுவதும் கேட்டது.

மேலே வந்ததும் வெளிச்சம் முகத்தில் அடித்தது. நடுவில் யானைக்குட்டி அளவுக்கு மணி. சுற்றிலும் மார்பளவு கம்பி. அதற்கு அப்பால் தலைநகரம் மொத்தமும். அரண்மனை, ஆறு, பாலங்கள், கூரைகள், கூரைகளுக்கு மேல் கூரைகள். கிரேன் வாயைத் திறந்தபடி நின்றார்.

"இருபத்திரண்டு வருஷம் முன்னாடி..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்து, மருமகளின் காதுக்குள் முடித்தார். "இந்த மணியோட நாக்கை நாங்க ஆறு பேர்தான் ஏத்தினோம்மா. இது ஒண்ணும் கண்ணுல படலை. சுமையோட ஏறுறவன் அடுத்த படியைத்தானே பாப்பான்."

மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தெருவாகப் பார்த்து வந்தாள். திடீரென்று குதித்தாள். தொப்பி பறந்து மணியடியில் விழுந்தது.

"அதோ! அதோ பாருடி, நம்ம மாடி! நம்ம போர்வை! என்னங்க, நம்ம போர்வை காயுதுங்க! ராஜாவோட மாளிகையிலேருந்து எத்தனை தூரம் இருக்கு பாருங்க, நாலு விரக்கடை!"

கிரேனும் பார்த்துவிட்டார். "ஆமா! ஒரு கிளிப் கழண்டிருக்கு!"

இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைகோத்துக்கொண்டு சிரித்தார்கள். மருமகளுக்கும் சிரிப்பு பீறிட்டது. ஆனால் அது உடனே நின்றுபோனது. உரிம பேட்ஜ் போயிற்று. மூன்றாவது வாய்ப்பு ஒரு போர்வையில் போயிற்று. மெதுவாகத் திரும்பிப் பரீட்சைக்காரரைத் தேடினாள்.

அவர் நிற்கவில்லை. முட்டி போட்டிருந்தார். மணியைத் தாங்கும் தூணைக் கட்டிப் பிடித்து, கண்ணை இறுக மூடி, பேனா தரையில் புரள, நடுங்கிக்கொண்டிருந்தார்.

"சார்?"

"சுத்துது. எல்லாம் சுத்துது. என்னை விட்டுட்டுப் போயிடுங்க."

"இல்லாத மனுஷன் எப்படிக் கீழ விழுவீங்க?" என்றாள் மாமியார். சொல்லிவிட்டு அவளே அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

படியில் காவலாளியின் குரல் ஏறி வந்தது. "மேல யாரு? பன்னெண்டுக்கு மணி அடிக்கும்! எல்லாரும் இறங்குங்க! மேல நின்னா காது போயிரும்!" மணி பதினொன்று நாற்பத்தாறு.

மருமகள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பார்வையாளர்களைப் பத்திரமாக ஏற்றி இறக்குவது வழிகாட்டியின் பொறுப்பு, விதிப் புத்தகம், பக்கம் பத்தொன்பது. பேட்ஜ் கிடைக்குமா என்பது பக்கம் பத்தொன்பதில் இல்லை.

"மாமா" என்றாள், ஒளிக்காமல், சத்தமாக. "இவரைத் தூக்க முடியுமா?"

கிரேன் ஷூவைக் கழற்றி மாமியாரிடம் கொடுத்தார். கால் விரல்கள் விடுதலையில் விரிந்தன. பரீட்சைக்காரரை ஒரு தடவை கண்ணால் எடை போட்டார். "இவரா? அரை மூட்டை."

ஆனால் நேராக இறங்க முடியாது. செங்குத்துப் படியில் முதுகுச் சுமையோடு இறங்குகிறவன் படியைப் பார்த்தபடி பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். கை மேல்படியில் ஊன்றும். கால் கீழ்ப்படியைத் தேடும். கீழே ஒருவர் நின்று படி படியாகச் சொல்ல வேண்டும். மூட்டைக்காரர்கள் அந்த ஆளைக் 'கண்' என்பார்கள்.

"நான் கண்" என்றாள் மருமகள். "சார், கண்ணைத் திறக்க வேண்டாம். நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. அது போதும். ஒண்ணு."

"ஒண்ணு" என்றார் பரீட்சைக்காரர் கிரேனின் தோளுக்குள்.

"ரெண்டு. மாமா, இடது கால். மூணு."

"மூணு."

அவள் கிரேனின் குதிகாலைக் கையால் பிடித்துப் படியில் வைத்து வைத்து இறங்கினாள். வெந்து காய்த்துப்போன கை. கிரேனின் வேர்வையில் வழுக்கவில்லை. மேலேயிருந்து மாமியார் ஷூவோடும் தொப்பியோடும், "வழுக்கிறாதீங்க, மகன் ஷூ திருப்பிக் கேப்பான்" என்று சம்பந்தமில்லாமல் கத்திக்கொண்டு வந்தாள். நாற்பது தாண்டியதும் பரீட்சைக்காரரின் குரல் கொஞ்சம் தெளிந்தது. எழுபதில் அவளை முந்திக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். நூற்றுப் பத்தில், "இங்க குனி, விட்டம் இருக்கு" என்றார் கிரேன், அவர் தலையைப் பார்க்காமலே. விட்டம் இருந்தது. நூற்றுப் பதினைந்தில் பரீட்சைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்கென்று யாருக்கும் தெரியாது. பயம் தீர்ந்தவன் சிரிக்கிற சிரிப்பு. அது கிரேனின் முதுகு வழியாக இறங்கி அவருக்கும் தொற்றியது. சிரித்தால் சுமை ஆடும், சுமை ஆடினால் கால் ஆடும். "சிரிக்காதீங்க!" என்று கத்திய மருமகளும் சிரித்துக்கொண்டுதான் கத்தினாள்.

"நூத்தி எண்பத்தஞ்சு!"

"நூத்தி எண்பத்தாறு!"

தரை வரவில்லை. காலுக்குக் கீழே இன்னும் ஒரு படி இருந்தது.

"நூத்தி எண்பத்தேழு!" என்று பரீட்சைக்காரர் கத்தவும், மேலே மணி முதல் அடி அடிக்கவும் சரியாக இருந்தது. கட்டடமே அதிர்ந்தது. நாலு பேரும் டிக்கெட் ஜன்னல் முன்னால் ஒரு குவியலாக உட்கார்ந்து பன்னிரண்டு அடியும் தீரும்வரை சிரித்தார்கள்.

சத்தம் அடங்கியதும் மருமகள் எழுந்து நின்றாள்.

"சார். இவங்க வெளியூர் இல்லை. என் மாமனார், மாமியார். வர வேண்டியவங்க ரயிலை விட்டுட்டாங்க. பொய் சொன்னது நான்தான்."

"தெரியும்" என்றார் அவர், குஷன் போட்ட நாற்காலியில் சாய்ந்து. "போர்வையில தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி மார்க்கெட்டுல தெரிஞ்சுது. அதுக்கும் முன்னாடி தண்ணி இருக்கிற பக்கத்துலயே தெரிஞ்சுது."

"அப்பவே ஏன் நிறுத்தலை?"

"உங்க மாமியார் அடுத்து என்ன கேப்பாங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு." அட்டையை எடுத்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது. "ஆனா விதி விதிதான். பார்வையாளர் பெயர்னு ஒரு கட்டம் இருக்கு. முன்பு கண்டிராதவர்னு அச்சடிச்சிருக்கு. இவங்க பேரை எழுத முடியாது. காலியா விட்டா உங்களுக்கு மார்க்கே கிடையாது."

மருமகள் தலையாட்டினாள். சலவைக்கூடத்தின் ஆவி மூக்குக்கு வந்துவிட்டது.

"உங்க பேரை எழுதுங்க" என்றாள் மாமியார்.

"என்னது?"

"காலையிலேருந்து இவ பின்னாடி சுத்தினது நாங்க மட்டுமா? பதினோரு வருஷம் மேல ஏறாமலே ஏழாவது இடத்துக்கு மார்க் போட்டவர் நீங்கதானே? உங்களை மாதிரி பாக்காத ஆள் வேற எங்க கிடைப்பான்?"

டிக்கெட் கொடுப்பவர் ஜன்னலை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

பரீட்சைக்காரர் அட்டையைப் பார்த்தார். "ஆனா இப்ப ஏறிட்டேனே. இப்ப பாத்தவன் ஆயிட்டேன்."

"எங்க பாத்தீங்க? கண்ணை மூடிக்கிட்டுத்தானே இருந்தீங்க!"

அவர் அந்த வரியைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் படித்துப் பார்த்தார். விதியை விரல் வைத்து மறுபடி படித்தார். 'முன்பு கண்டிராதவர், ஒருவர் அல்லது இருவர்.' எதைக் கண்டிராதவர் என்று அச்சில் இல்லை. பிறகு குனிந்து தன் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினார். எழுதும்போது தோள் குலுங்கியது.

"படி எண்ணிக்கை தப்பு. ஒரு மார்க் குறைக்கிறேன்."

"சார்! புத்தகத்துல இருக்கிறதைத்தானே சொன்னேன்!"

"நான் எண்ணினேன் மேடம். நூத்தி எண்பத்தேழு." கிரேனைப் பார்த்தார். கிரேன் மாமியாரிடம் திரும்ப வாங்கிய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையசைத்தார். "பத்திரமா இறக்கினதுக்கு முழு மார்க். கூட்டிப் பாத்தா தேறிட்டீங்க. ஆனா எட்டாவது இடம் பாக்கி. அதையும் முடிச்சாத்தான் பேட்ஜ் கையில குடுப்பேன்." பையைத் தட்டினார். உள்ளே உலோகம் கிணுங்கியது.

மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டாவது இடம் ஆற்று வாசல், பத்து நிமிஷ நடை. முன்னால் புறப்பட்ட கிரேனைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, வழி காட்டுறது நான்."

"சரி, காட்டு. குறுக்குச் சந்து வழியா காட்டு, வெயில் கம்மி."

வெறுங்காலோடு கிரேன், தொப்பியோடு மாமியார், அட்டையோடு பரீட்சைக்காரர். மூன்று பேரும் வரிசையாக அவள் பின்னால் நடந்தார்கள். சந்து முனையில் பரீட்சைக்காரர் கையைத் தூக்கினார்.

"ஒரு கேள்வி கேக்கலாமா? பார்வையாளரா?"

"கேளுங்க சார்."

"அந்த ஒரு கிளிப் கழண்ட போர்வை பறந்துருமா?"

"பறக்காது" என்றாள் மாமியார் பின்னாலிருந்து. "இன்னும் மூணு கிளிப் இருக்கு. நீங்க முன்னாடி பாத்து நடங்க."